கம்பத்துக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு

பத்திரப் பதிவு அலுவலகத்தின் மொழியில் வீடு என்பது அசையாச் சொத்து. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அண்மைக்கால வரலாறு அந்தச் சொல்லைப் பொய்யாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. நான்குவழிச் சாலை, தொழிற்பூங்கா, சுண்ணாம்புக்கல் சுரங்கம், ஏரி மீட்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக இங்கே வீடுகள் இடம் மாற வேண்டியிருக்கிறது. நிலத்துக்கு என்ன விலை என்பது குறித்து நாம் நிறையவே பேசிவிட்டோம். வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு, ஆறுதல் தொகை என்ற சொற்கள் கிராமத்துத் தேநீர்க் கடைகளிலும் புழங்குகின்றன. ஆனால், ஒரு குடும்பம் தன் வீட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்ல உண்மையில் எவ்வளவு செலவாகிறது, அதை யார் தருவது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

சாலை விரிவாக்கத்தின்போது நடப்பதைக் கவனித்தால் இந்தக் கேள்வியின் முக்கியத்துவம் விளங்கும். அகலப்படுத்த வேண்டிய பாதையில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. அதை அகற்றி வேறிடத்தில் நட வேண்டும். மின் பகிர்மானக் கழகத்தின் பொறியாளர் வந்து பார்க்கிறார். எத்தனை கம்பங்கள், எவ்வளவு கம்பி, மின்மாற்றியை மாற்ற வேண்டுமா, ஆட்கூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் எழுதி மதிப்பீடு தயாரிக்கிறார். அந்தத் தொகையைச் சாலைத் திட்டம் முன்னதாகவே செலுத்துகிறது. அதன் பிறகே கம்பம் அசைகிறது. குடிநீர்க் குழாய்க்கும் இதே நடைமுறைதான். அதே பாதையில் பத்தடி தள்ளி ஒரு வீடு நிற்கிறது. அந்தக் குடும்பத்தின் இடமாற்றச் செலவுக்கு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போடுவதில்லை. சட்டத்தின் அட்டவணையில் ஏற்கெனவே ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கிறது: 50 ஆயிரம் ரூபாய்.

2013-இல் நிறைவேற்றப்பட்டு, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நில எடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வீட்டை இழந்து இடம்பெயரும் குடும்பத்துக்கு உரியவற்றைப் பட்டியலிடுகிறது. போக்குவரத்துச் செலவுக்கு 50 ஆயிரம். ஒருமுறை மட்டும் தரப்படும் மறுகுடியமர்வுத் தொகை 50 ஆயிரம். ஓராண்டுக்கு மாதம் 3 ஆயிரம் வீதம் பிழைப்பூதியம் 36 ஆயிரம். மூன்றும் சேர்ந்து 1 லட்சத்து 36 ஆயிரம். மாட்டுக் கொட்டகையோ பெட்டிக்கடையோ இருந்தால் அதற்குக் குறைந்தது 25 ஆயிரம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்கும் இந்த அட்டவணை பொருந்தும் என்று மத்திய அரசு 2015 ஆகஸ்ட்டில் ஆணை பிறப்பித்தது. தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கும் மாநில நெடுஞ்சாலைகளுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவற்றின் செல்லுபடியை உறுதிசெய்தது. அந்தச் சட்டங்களின் கீழ் எடுக்கப்படும் நிலத்துக்கும் இழப்பீடு, மறுவாழ்வு ஆகியவற்றில் மத்தியச் சட்டத்தின் அட்டவணைகளே அளவுகோல். எனவே, ஜெயங்கொண்டத்தில் சாலைக்காக வீடு போனாலும், எறையூரில் சிப்காட்டுக்காகப் போனாலும், போக்குவரத்துச் செலவு அதே 50 ஆயிரம்தான்.

இந்தத் தொகை எழுதப்பட்டபோது சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 60 ரூபாய்க்கும் குறைவு. இப்போது 90 ரூபாய்க்கு மேல். சில்லறை விலைக் குறியீட்டோடு பொருத்திப் பார்த்தால் அன்றைய 50 ஆயிரம் இன்று 80 ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். விலைவாசி உயரும் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரியாததும் அல்ல. அதே அட்டவணையில், வேலைவாய்ப்புக்கு மாற்றாக 20 ஆண்டுகளுக்கு மாதம் 2 ஆயிரம் ரூபாய் தரும் பிரிவு இருக்கிறது. அதை விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டுக்கு ஏற்ப உயர்த்த வேண்டும் என்று அங்கே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு அடுத்தடுத்து வரும் பிழைப்பூதியத்துக்கும் போக்குவரத்துச் செலவுக்கும் மட்டும் அந்த வாசகம் இல்லை. இந்த விடுபடலுக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

தொகை போதாது என்பதைவிடப் பெரிய சிக்கல், எதற்கான தொகை என்பதில் இருக்கிறது. ‘போக்குவரத்து’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வருவது பீரோவையும் கட்டிலையும் ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு வாகனம். நகரத்தில் வாடகை வீடு மாறுபவருக்கு அந்தக் கணக்கு சரி. பெரம்பலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஓட்டு வீட்டில் வாழும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. அங்கே வீட்டோடு சேர்ந்து நகர வேண்டியவை வேறு. முதலில் நிலையும் கதவும் ஜன்னல்களும். பிறகு உத்தரம், கைமரங்கள், உடையாத ஓடுகள். சிமெண்ட் அட்டைக் கூரை என்றால் அட்டைகளும் இரும்புக் குழாய்களும். பழைய செங்கல்லில் எது தேறுமோ அது. இவற்றைச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க ஆட்கூலி வேண்டும். பிரித்ததை ஏற்றி இறக்க இன்னொரு கூலி. பொக்லைன் வந்து நின்ற பிறகு பிரிக்கத் தொடங்கினால் மிஞ்சுவது குறைவு. மாடுகளையும் தீவனத்தையும் வைக்கோல்போரையும் கொண்டுபோக வேண்டும். வைக்கோல்போரைக் கலைத்து மீண்டும் போடுவது ஒருநாள் வேலை அல்ல.

நகர முடியாதவற்றின் பட்டியல் இன்னும் நீளமானது. ஆழ்துளைக் கிணற்றைப் பெயர்த்து எடுத்துச்செல்ல முடியாது; புதிய இடத்தில் தண்ணீர் எத்தனை அடியில் என்பதும் யாருக்கும் தெரியாது. கழிப்பறைத் தொட்டி அங்கேயே புதைந்து போகும். வாசல் வேம்பும் கொல்லை முருங்கையும் போகும். மரத்துக்குச் சட்டம் இழப்பீடு தருகிறது என்பது உண்மை. ஆனால், வேம்பின் நிழலில் மாடு கட்டியவர், அந்த நிழல் மீண்டும் வளரும்வரை தகரக் கொட்டகை போட வேண்டும். புதிய மின் இணைப்புக்கு விண்ணப்பம், வைப்புத்தொகை, மின்பணியாளர் கூலி. குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு எல்லாவற்றிலும் முகவரி மாற்றம். ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலியை இழந்து அலைய வேண்டும்.

இத்துடன் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற இவ்வட்டாரத்துக் கரிசல், மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் மண். செம்மண் தரையில் போடுகிற கடைக்காலை அங்கே போட்டால் இரண்டாம் ஆண்டே சுவர் விரிசல் விடும். ஆழமாகத் தோண்டி, கிராவலும் மணலும் நிரப்பிய பிறகே கட்டுமானம் மேலெழும். மேட்டில் இருந்த பழைய நத்தம் மனையை இழந்தவருக்குச் சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு கரிசல் மனை கிடைத்தால், அவருடைய செலவு தரைமட்டத்துக்குக் கீழேயே ஓரளவு முடிந்துவிடும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலைக் கொண்டு பழைய கட்டடத்தை மதிப்பிடும்போது, புதிய மனையின் மண் எப்படிப்பட்டது என்பது கணக்கில் வருவதற்கு வாய்ப்பே இல்லை.

வீட்டுக்குப் பதில் வீடு தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஊரகப் பகுதியில் இந்திரா ஆவாஸ் யோஜனா அளவுகளின்படி கட்டிய வீடு, அல்லது அதற்கு ஈடான தொகை. அத்திட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம். சமவெளிப் பகுதியில் அதன் அலகுத் தொகை 1 லட்சத்து 20 ஆயிரம். தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்திலோ 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தரப்படுகிறது. குடிசையை மாற்றிக் கட்ட என்ன செலவாகும் என்பதை அரசே கணக்கிட்டு அறிவித்திருக்கிறது என்று இதைக் கொள்ளலாம். விரும்பி வீடு கட்டுபவருக்கு ஒரு கணக்கும், விருப்பமில்லாமல் வெளியேறுபவருக்கு அதைவிடக் குறைந்த ஒரு கணக்கும் இருப்பது முரண்.

அவகாசத்தைப் பார்ப்போம். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி அறிவிப்பு கைக்கு வந்த 60 நாள்களுக்குள் இடத்தை ஒப்படைக்கச் சொல்ல முடியும். 60 நாள்களில் கரிசலில் வீடு கட்டிக் குடியேறியவர் யாரும் இருக்க முடியாது. எனவே, குடும்பம் முதலில் வாடகை வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ போகிறது. புதிய வீடு எழுந்த பிறகு மீண்டும் மூட்டை கட்டுகிறது. ஒரு வீட்டைக் காலிசெய்வது என்பது நடைமுறையில் இரண்டு இடமாற்றங்கள். மரச் சட்டங்களையும் ஓடுகளையும் இடையில் எங்கே அடுக்கி வைப்பது என்பது தனித் தொல்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்தால் மரம் வீணாகும், காவலின்றிக் கிடந்தால் களவு போகும். சட்டத்தின் அட்டவணைக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு பயணம்தான்.

இதே சாலையோரத்தில் இன்னொரு வகை வீட்டையும் பார்க்கலாம். ஒப்பந்ததாரரின் முகாமில் வரிசையாக நிற்கும் தகரக் கொள்கலன் அறைகள். கிரேன் தூக்கி வைக்கும், டிரெய்லர் ஏற்றிச்செல்லும். இரண்டு நாளில் முகாம் இடம் மாறிவிடும். அசையும் வீடு என்ற சொல்லுக்கு நம்மிடம் உள்ள அசல் எடுத்துக்காட்டு அதுதான். அந்த முகாமைக் கொண்டுவந்து இறக்கும் செலவு ஒப்பந்தக் கணக்கிலேயே அடங்கும். அதற்கு மேல், அரசுப் பணிகளில் ஒப்பந்த மதிப்பில் 10 சதவீதம்வரை வட்டியுடன் கூடிய முன்பணம் பெறவும் வழி உண்டு. ஆள், பொருள், இயந்திரம் ஆகியவற்றைத் திரட்டி வேலையிடத்துக்குக் கொண்டுவருவதற்கான பணம் அது. இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடமாற்றத்துக்குச் செலவாகும், அதுவும் முன்கூட்டியே செலவாகும் என்பதை அரசு நன்றாகவே அறிந்திருக்கிறது என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

அசையும் வீடுகளின் நாடு என்று சொல்லத்தக்க அமெரிக்காவின் அனுபவம் இங்கே உதவும். அங்கே ஆலையில் செய்து, சக்கரத்தில் வைத்து இழுத்துவரப்படும் வீடுகளுக்கு 1976 முதல் தேசிய அளவிலான கட்டுமான விதிகள் உள்ளன. வீடு சொந்தம், அது நிற்கும் மனை பெரும்பாலும் வாடகை. பெயர்தான் நடமாடும் வீடு. ஒருமுறை இறக்கி வைத்த பிறகு அவற்றில் மிகப் பல மீண்டும் நகர்வதே இல்லை. நகர்த்துவதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும்; பழைய வீடு பயணத்தைத் தாங்காது. மனையின் உரிமையாளர் நிலத்தை விற்றுவிட்டால், வீட்டை விட்டுவிட்டுப் போகும் நிலையும் வருகிறது. ஃபுளோரிடா மாநிலம் இதற்காகத் தனி நிதியம் ஒன்றை வைத்திருக்கிறது. மனையின் பயன்பாட்டை மாற்றும் உரிமையாளர் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஒற்றைப் பகுதி வீட்டுக்கு ஒரு தொகை, இரட்டைப் பகுதி வீட்டுக்கு அதைவிட அதிகத் தொகை. தொகை போதுமா என்ற வாதம் அங்கேயும் உண்டு. ஆனால், வீட்டின் அளவுக்கு ஏற்பச் செலவு மாறும் என்பதும், இடமாற்றத்துக்குக் காரணமானவரே அதைச் சுமக்க வேண்டும் என்பதும் அங்கே விதியாகிவிட்டன. நம் அட்டவணைக்குக் கூரைக் குடிசையும் ஒன்றுதான், ஆறு அறை மச்சுவீடும் ஒன்றுதான்.

வீட்டையே அப்படியே நகர்த்தினால் என்ன என்று கேட்கலாம். 2022-இல் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் விரைவுச் சாலைக்காக இடிபட இருந்த தன் இரண்டு மாடி வீட்டை ஒரு விவசாயி 500 அடி தொலைவுக்கு நகர்த்த முற்பட்டது நாடு முழுவதும் செய்தியானது. அந்த வீட்டைக் கட்ட அவர் செலவிட்டது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. சுவரின் அடியில் ஜாக்கிகளை வரிசையாகப் பொருத்தி, கட்டடத்தைக் கடைக்காலிலிருந்து பிரித்து, இரும்புத் தளத்தில் உருளைகள் மீது அங்குலம் அங்குலமாகத் தள்ளும் முறை அது. சென்னையிலும் சாலைமட்டம் உயர்ந்ததால் தாழ்ந்துபோன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். ஆனால், இந்த வித்தைக்கு மூன்று நிபந்தனைகள். கட்டடம் உறுதியாக இருக்க வேண்டும். அருகிலேயே சொந்த நிலம் இருக்க வேண்டும். கையில் பெரும்பணம் இருக்க வேண்டும். மண்சாந்தில் கட்டிய சுவரும், நத்தத்தில் மூன்று சென்ட் மனையும் உள்ளவருக்கு இது வேடிக்கை பார்ப்பதற்கான காட்சி மட்டுமே.

சட்டம் இந்தச் செலவை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1894-ஆம் ஆண்டின் பழைய நில எடுப்புச் சட்டத்திலேயே ஒரு வாசகம் உண்டு. நிலம் எடுக்கப்படுவதால் ஒருவர் தன் குடியிருப்பையோ தொழிலிடத்தையோ மாற்ற நேர்ந்தால், அதனால் ஏற்படும் நியாயமான செலவை இழப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது அது. 2013 சட்டத்தின் 28-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்திலும் இருக்கிறது. அட்டவணையின் 50 ஆயிரத்தோடு இந்த உரிமை முடிந்துவிடுவதில்லை. இரண்டும் வெவ்வேறு.

நடைமுறையில் இந்த வாசகம் உறங்குகிறது. அதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, நடைமுறையின் வரிசை. நில எடுப்பு அலுவலர் முன் விசாரணை நடக்கும்போது குடும்பம் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறது. நியாயமான செலவுக்குச் சான்று கேட்டால் காட்ட ரசீது இல்லை. ரசீது கிடைக்கும் நாளில் தீர்ப்பாணை பிறப்பிக்கப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருக்கும். கொத்தனாரும் சித்தாளும் மாட்டுவண்டிக்காரரும் எந்நாளும் ரசீது தந்ததில்லை என்பது வேறு. விசாரணைக்கு வருபவர்களின் கவனமெல்லாம் சென்ட் விலை எவ்வளவு என்பதில் இருப்பதால், இடமாற்றச் செலவைத் தனியாக எழுதிக் கொடுப்பவரும் அரிது. மின்கம்பத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. கம்பம் நகர்வதற்கு முன்பே மதிப்பீடு போடப்படுவதால், அதற்கு ரசீது தேவைப்படுவதில்லை.

இந்த அளவுக்கான உரிமைகூட இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஏரி, வாய்க்கால் புறம்போக்கில் தலைமுறைகளாகக் குடியிருப்போர் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் வெளியேற்றப்படும்போது அவர்கள் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’. அவர்களுக்கு அட்டவணை இல்லை. நீர்நிலைகள் மீட்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், மாற்று மனைப்பட்டா ஒன்றைக் கையில் தந்து, மேற்கூரையைப் பிரிக்கவும் வண்டி பிடிக்கவும் காசில்லாதவரை அங்கே போகச் சொல்வது பாதி வேலை. அரியலூரின் சிமெண்ட் ஆலைகளைச் சுற்றி இன்னொரு வகையினர். சுரங்கத்துக்கான நிலத்தை நிறுவனமே உரிமையாளர்களிடம் நேரடியாக விலைக்கு வாங்கும்போது, பரப்பு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் மறுவாழ்வுக் கடமை பிறக்கிறது. விற்றவருக்கு நிலத்தின் விலை கிடைக்கும். அந்த நிலத்தை நம்பி அருகே குடியிருந்த கூலிக் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. எறையூரில் நரிக்குறவர்கள், தாங்கள் நெடுங்காலம் சாகுபடி செய்த நிலம் என்று உரிமை கோரித் தொழிற்பூங்காவை எதிர்த்துப் போராடியதையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊர் ஊராக அலைந்தவர்களை ஓரிடத்தில் தங்கி வாழுங்கள் என்று சொன்னது இச்சமூகமும் அரசும்தான்.

நகராமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை ஜெயங்கொண்டம் காட்டியது. பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் தொடங்கிய நில எடுப்பு, இழப்பீட்டு வழக்குகளாக நீண்டது. கால் நூற்றாண்டு கடந்தும் சுரங்கம் வரவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. எந்நேரமும் காலிசெய்யச் சொல்லக்கூடும் என்ற நிலையில் உள்ள வீட்டுக்கு யார் காங்கிரீட் கூரை போடுவார்கள்? பத்திரத்தை வைத்து எந்த வங்கி கடன் தரும்? பெண் கொடுக்க வருபவர்கூட வீடு நிலைக்குமா என்று கேட்பார். அந்த ஆண்டுகளின் இழப்பை எந்த அட்டவணையும் கணக்கிட்டதில்லை.

2013 சட்டத்தின் 107-ஆம் பிரிவு, மத்தியச் சட்டத்தைவிடக் கூடுதலான உரிமைகளைத் தரும் சட்டத்தை மாநிலங்கள் இயற்றிக்கொள்ளலாம் என்கிறது. எனவே, டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போக்குவரத்துத் தொகையையும் பிழைப்பூதியத்தையும் விலைக் குறியீட்டோடு பிணைப்பது எளிய முதல் வேலை. அதைவிட முக்கியமானது, மின்கம்பத்துக்குப் போடுவதுபோல ஒவ்வொரு வீட்டுக்கும் இடமாற்ற மதிப்பீடு ஒன்றைத் தீர்ப்பாணைக்கு முன்பே தயாரிப்பது: பிரிக்கும் கூலி, இரண்டு பயணங்கள், இடைக்கால வாடகை, ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு, புதிய மனையின் கடைக்கால். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் ஒருவர் ஒரு வீட்டுக்கு அரைநாள் செலவிட்டால் முடிகிற வேலை இது. தொகையில் ஒரு பகுதி பொக்லைன் வருவதற்கு முன்பே வங்கிக் கணக்கில் சேர வேண்டும். 2013 சட்டப்படி மறுவாழ்வுத் தொகைகளை வழங்கத் தீர்ப்பாணையிலிருந்து ஆறு மாதம்வரை அவகாசம் உண்டு. லாரி வாடகை அன்றே கொடுக்க வேண்டியது. சுரங்கப் பகுதிகளில், அட்டவணைக்கு வெளியே நிற்கும் குடும்பங்களுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளையின் நிதியிலிருந்து இந்தச் செலவைத் தரலாம். 2015 முதல் சுரங்க உரிமையாளர்கள் செலுத்திவரும் அந்தப் பணம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உரியது.

செலவு கூடும், திட்டங்கள் தாமதமாகும் என்று எதிர்வாதம் வரும். ஒரு சாலைத் திட்டத்தின் மொத்த மதிப்பில், இடம்பெயரும் சில நூறு வீடுகளின் உண்மையான இடமாற்றச் செலவு மிகச் சிறிய பங்கே. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தொகை உயர்ந்தது அல்ல, தொகை போதாமல் மக்கள் நீதிமன்றம் போனது. ஜெயங்கொண்டத்துக்கென நடந்த இழப்பீட்டு வழக்குகளின் எண்ணிக்கையே அதற்குச் சான்று.

பெரம்பலூருக்கு இன்னும் ரயில் பாதை இல்லை. நாமக்கல்லிலிருந்து பெரம்பலூர் வழியாக அரியலூருக்கு ஒரு பாதை வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. அது நியாயமான கோரிக்கை. அந்தப் பாதை வரும் நாளில் அதன் தடத்திலும் வீடுகள் இருக்கும். அளவுக் கல் நடப்படுவதற்கு முன்பே இந்த மதிப்பீட்டு முறையை ஆணையாக்கிவிடுவதற்கு இப்போது நேரம் இருக்கிறது.